பேருந்து அட்டவணைதான் பஞ்சாங்கம்: சட்டன் போனிங்டனில் முதல் நாட்கள்

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிற கால்நடை மருத்துவ, வேளாண், உணவு அறிவியல் மாணவர்கள் பெரும்பாலும் நாட்டிங்ஹாமில் படிக்கப்போவதில்லை. அவர்களுடைய வகுப்பும் விடுதியும் நகரத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி, சோர் ஆற்றங்கரை வயல்களுக்கு நடுவே, சட்டன் போனிங்டன் என்ற கிராமத்தில் இருக்கின்றன. வெளிநாட்டுப் படிப்புக்கான வழிகாட்டிக் குறிப்புகள் எல்லாம் லண்டனையோ மான்செஸ்டரையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. கீழே இறங்கினால் கடை, மூலை திரும்பினால் வங்கி, பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து. கிராமத்து வளாகத்தில் இதில் எதுவும் கிடையாது. இங்கே முதல் வாரத்தை வீணாக்குவது ஆவணத் தாள்கள் அல்ல, தூரமும் நேரமும்தான். பேருந்து எப்போது, கடை எப்போது மூடும், எப்போது இருட்டும் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு நாளைத் திட்டமிடுபவர்கள் ஐந்து நாளில் நிலைகொண்டுவிடுவார்கள். மற்றவர்களுக்கு மூன்று வாரம் ஆகும்.

குழப்பம் முகவரியிலேயே தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரில் நாட்டிங்ஹாம். கிராமம் இருப்பது நாட்டிங்ஹாம்ஷர் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில். ஆனால் அஞ்சல் ஊர் பக்கத்து மாவட்டமான லெஸ்டர்ஷரில் உள்ள லஃப்பரோ. அஞ்சல் குறியீடோ லெஸ்டருக்குரிய எல்இ12 5ஆர்டி. டாக்சியில் ஏறி "நாட்டிங்ஹாம் யுனிவர்சிட்டி" என்று மட்டும் சொன்னால், ஓட்டுநர் நகரத்துக்குள் இருக்கும் யுனிவர்சிட்டி பார்க் வளாகத்துக்கு, அதாவது என்ஜி7 2ஆர்டிக்கு, கொண்டுபோய் இறக்கிவிடுவார். அங்கிருந்து இரண்டு பெரிய பெட்டிகளோடு மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். அஞ்சல் குறியீட்டை எழுதிக் காட்டுவதே சரி. இணையத்தில் பொருள் வாங்கும்போதும் இதே கதைதான். வளாகப் பெயர், விடுதிப் பெயர், அறை எண் மூன்றும் இல்லாத பொட்டலம் எங்காவது ஓர் அலுவலக அலமாரியில் தங்கிவிடும்.

பகலில் வந்து சேரும்படி பயணத்தை அமையுங்கள். ஹீத்ரோவில் இறங்கினால் இரண்டு வழிகள். ஒன்று, விமான நிலையத்தின் மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து நாட்டிங்ஹாம் பக்கம் போகும் நெடுந்தூரப் பேருந்து. நேரம் கூட ஆகும், ஆனால் பெட்டியை ஒரு முறைதான் ஏற்றி இறக்க வேண்டும். இன்னொன்று, பிக்காடில்லி பாதைச் சுரங்க ரயிலில் சுமார் ஒரு மணி நேரம் பயணித்து கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ் சென்று, அங்கிருந்து ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் ரயில்வேயில் ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் பார்க்வே நிலையம் வரை. எல்லா நாட்டிங்ஹாம் ரயிலும் பார்க்வேயில் நிற்காது, பயணச்சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் நெருங்கும்போது ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தின் ராட்சதக் குளிர்விப்புக் கோபுரங்கள் கண்ணில் படும். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் அது. 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. கோபுரங்கள் தெரிந்தால் பெட்டியை இறக்கத் தயாராக வேண்டும். பார்க்வேயிலிருந்து வளாகம் சில மைல்தான், ஆனால் நிலைய வாசலில் டாக்சி வரிசை கட்டி நிற்கும் என்று நம்ப வேண்டாம். முதல் நாளே பதிவு செய்துவையுங்கள். குறிப்பிட்ட நாட்களில் பல்கலைக்கழகம் வரவேற்புப் பேருந்து விடுமானால், அந்த நாளுக்கு ஏற்ப விமானச் சீட்டு எடுப்பதே எல்லாவற்றிலும் மலிவு.

பெட்டியைக் கட்டும்போது ஒரு விஷயம். பிரிட்டனுக்குள் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் அடக்கம். பொடி வகைகள், வற்றல், பருப்பு தடையில்லை. கால்நடை படிப்புக்கு வருபவர்கள் இன்னொன்றையும் விட்டுவிட்டு வர வேண்டும்: ஊரில் மாட்டுக்கொட்டகையில் போட்ட பூட்ஸ், செருப்பு, மேலங்கி. கோமாரி நோய் நம் ஊரில் அடிக்கடி வந்துபோகிற ஒன்று. இங்கே 2001இல் அது பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று புதைத்தும் எரித்தும்தான் கட்டுப்படுத்தினார்கள். காலணியில் ஒட்டிய காய்ந்த சேறு என்பது இந்த ஊர் விவசாயிக்குச் சின்ன விஷயமில்லை.

ஐந்து வேலை, ஒரே பயணம்

வளாகத்துக்கும் யுனிவர்சிட்டி பார்க்குக்கும் இடையே பல்கலைக்கழகத்தின் ஹாப்பர் பேருந்து ஓடுகிறது, மாணவர்களுக்கு இலவசம். வார நாட்களில் வகுப்பு நேரத்தை ஒட்டி ஓடும். மாலைக்குப் பிறகும் வார இறுதியிலும் எண்ணிக்கை குறையும், விடுமுறைக் காலத்தில் அட்டவணையே மாறும். மூன்றையும் தனித்தனியாகப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் டாக்சிக் கட்டணம் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும். சோர் ஆற்றைக் கடந்து மேற்கே நடந்தால் கெக்வொர்த். சற்றுப் பெரிய கிராமம், பொதுப் பேருந்தும் உண்டு. அரசின் கட்டண வரம்புத் திட்டத்தில் சேர்ந்த உள்ளூர்ப் பேருந்துகளில் ஒரு பயணத்துக்கான உச்சக் கட்டணம் 2025 ஜனவரி முதல் 3 பவுண்டு.

ஆகவே வெளியே போகிற ஒவ்வொரு பயணத்திலும் நாலைந்து வேலையைச் சேர்த்து முடிக்கப் பாருங்கள். நாட்டிங்ஹாம் நகரத்துக்குப் போகும் முதல் நாளில் சிம், குளிராடை, பாத்திரம், மளிகை எல்லாம் ஒரே சுற்றில். ஞாயிற்றுக்கிழமை போகத் திட்டமிட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது: இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10 முதல் மாலை 6க்குள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டம். பெரும்பாலும் மாலை நாலு மணிக்கே கதவைச் சாத்துகிறார்கள். ஞாயிறு மதியம் சாவகாசமாகக் கிளம்பி, வார இறுதிப் பேருந்தில் ஏறி, மூடிய கடை முன் போய் நிற்பது புது மாணவர்களுக்கு வாடிக்கையாக நடப்பது.

கனமான பொருட்களைச் சுமக்கவே தேவையில்லை. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் வளாகத்துக்கே கொண்டுவந்து தருகின்றன. குறைந்தது 40 அல்லது 50 பவுண்டுக்கு வாங்கினால் கட்டணம் குறையும். ஒரு சமையலறையைப் பகிரும் நாலு பேர் சேர்ந்து ஒரே பட்டியல் போட்டால் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடலாம். செப்டம்பர் கடைசி வாரத்தில் எல்லா மாணவர்களும் ஒரே சமயத்தில் பதிவு செய்வதால் நேரம் கிடைக்காது. ஊரில் இருக்கும்போதே, வந்து சேரும் நாளுக்கு அடுத்த நாள் மாலைக்குப் பதிவு செய்துவிடுங்கள். புழுங்கல் அரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்கு லெஸ்டரின் பெல்கிரேவ் சாலை. லஃப்பரோவிலிருந்து ரயிலில் சிறிது நேரப் பயணம். குஜராத்திகள் வளர்த்த கடைத்தெரு அது, ஆனால் நம் சமையலுக்கு வேண்டியது கிட்டத்தட்ட எல்லாம் கிடைக்கும். மாதம் ஒரு முறை, பத்துக் கிலோ அரிசிப் பையோடு திரும்பினால் போதும். ரயிலுக்கு 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கான ரயில்கார்டு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தரும். 26 வயதைத் தாண்டிய முழுநேர மாணவர்களும் வாங்கலாம். அதைக் காட்ட முடியாவிட்டால் தள்ளுபடிச் சீட்டு செல்லாது என்பதால், கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாள்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் முன்பிருந்ததில் பாதி ஒழிந்துவிட்டது. அஞ்சல் நிலையத்துக்குப் போய் பிஆர்பி என்ற குடியிருப்பு அனுமதி அட்டை வாங்க வேண்டும், காவல்நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் பழைய குறிப்புகளைத் தள்ளிவிடுங்கள். காவல்நிலையப் பதிவு 2022இல் நீக்கப்பட்டது. அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு காலாவதியாகின. இப்போது இருப்பது ஈவிசா, அதாவது இணையத்தில் மட்டும் இருக்கும் விசா. பிரிட்டனின் விசாத் துறையான யுகேவிஐயின் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, விமானம் ஏறும் கடவுச்சீட்டு அதில் இணைந்திருக்கிறதா, பெயர், பிறந்த தேதி, வேலை நிபந்தனை எல்லாம் சரியா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். அந்தக் கணக்கில் நுழையக் குறியீட்டெண் எந்தக் கைபேசி எண்ணுக்கு, எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்பதும் முக்கியம். இந்திய எண்ணைக் கொடுத்திருந்தால் அந்த சிம்மை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வங்கி ஓடிபிகளுக்கும் அது தேவை, எனவே ரோமிங்கை ஊரிலேயே திறந்துவிட்டு வாருங்கள். உங்கள் விசா நிலையைச் சரிபார்க்க வீட்டுக்காரரோ முதலாளியோ கேட்கும் ஷேர் கோடு (அந்தக் கணக்கிலிருந்து எடுக்கும் குறியீடு) 90 நாள் செல்லும், வேண்டும்போது புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குறித்த நாளுக்குள் மாணவர் வந்து பதிவு செய்யவில்லை என்றால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. விமானம் தாமதமானால் அன்றே மின்னஞ்சல் அனுப்பி, தாமத வருகைக்கான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

வங்கிக் கிளைகள் கிராமங்களில் மூடப்பட்டுக்கொண்டே வருகின்றன. செயலி வழியாகவே கணக்குத் திறக்கும் வங்கிகள் இங்கே வசதி. கடவுச்சீட்டும் இந்நாட்டு முகவரியும் கேட்பார்கள். மருத்துவருக்குப் பதிவு செய்யும்போதும் தூரம் குறுக்கே வரும். ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர் நிலையம் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு, அது அஞ்சல் குறியீட்டால் தீர்மானிக்கப்படும். நகரத்து நண்பர் பதிவு செய்த இடத்திலேயே நீங்களும் செய்ய நினைத்தால் மறுக்கலாம். உடம்புக்கு வந்த பிறகு தேடாமல் முதல் வாரத்திலேயே பதிவை முடித்துவிடுங்கள். விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணத்தால் மருத்துவரைப் பார்ப்பது இலவசம். மருந்துச் சீட்டுக்கு 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. 25 வயதுக்குக் கீழே என்றால் மூளைக்காய்ச்சலுக்கான மென்ஏசிடபிள்யூஒய் தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். விடுதி வாழ்க்கையில் அந்தக் கிருமி வேகமாகப் பரவும். கால்நடைப் படிப்பு என்றால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்ற விவரமும் வேண்டும். அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 111, உயிருக்கு ஆபத்தென்றால் 999. பெரிய அவசரப் பிரிவு இருப்பது யுனிவர்சிட்டி பார்க் அருகே உள்ள குவீன்ஸ் மெடிக்கல் சென்டரில். பல்லையும் கண்ணையும் ஊரிலேயே பார்த்துவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

அறையும் அடுப்பும்

மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாறுவது பிளக்தான்: மூன்று தட்டைக் கால், உள்ளே ஃபியூஸ். ஒரு மாற்றுப் பிளக் வாங்கி அதில் இந்திய நீட்டிப்புப் பெட்டியைச் செருகி, அதில் நாலு பொருளை மாட்டுவது பலரும் செய்வது. விடுதிப் பரிசோதனையில் முதலில் பறிபோவதும் அதுதான். மாற்றுப் பிளக்கைக் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, ஃபியூஸ் உள்ள உள்ளூர் நீட்டிப்பு வயர் ஒன்று வாங்குங்கள். அறைக்குள் ரைஸ் குக்கர், ஹீட்டர் வைக்கப் பெரும்பாலான விடுதிகளில் அனுமதி இல்லை. சமையலறையில் வைக்கலாமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள்.

அம்மா ஆசையாக வைத்து அனுப்பும் அலுமினியக் குக்கர் பாதி இடங்களில் பயன்படாது. அடுப்பு இன்டக்‌ஷன் என்றால் அடிப்பாகம் காந்தத்தை ஈர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எடுத்து வாருங்கள். இன்டக்‌ஷன் அடியுள்ள மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர் எல்லா அடுப்புக்கும் ஏற்றது. கண்ணாடித் தகட்டுடன் சிவப்பாகக் கனலும் செராமிக் அடுப்பு என்றால் வேறு சிக்கல். அணைத்த பிறகும் சில நிமிடம் சூடு இறங்காது. கடுகு வெடித்ததும் குமிழைத் திருப்பிவிட்டு நின்றால் உளுத்தம்பருப்பு கருகிவிடும். வாணலியையே தூக்கிவிட வேண்டும்.

கருகினால் சாப்பாடு மட்டும் கெடாது. சமையலறையில் பொதுவாக இருப்பது வெப்பம் உணரும் கருவி. நடைவழியிலும் அறைகளிலும் இருப்பது புகை உணரும் கருவி. சமையலறைக் கதவு தானாக மூடிக்கொள்ளும்படி அமைத்திருப்பது இதனால்தான். காற்றோட்டத்துக்காக அந்தக் கதவை நாற்காலி வைத்துத் திறந்து வைத்தால், மிளகாய் தாளித்த நெடி நேராக நடைவழிக் கருவிக்குப் போகும், கட்டடம் முழுவதும் மணி அடிக்கும், நள்ளிரவானாலும் எல்லோரும் வெளியே போய் நிற்க வேண்டும். கதவை மூடு, ஜன்னலைத் திற, புகைபோக்கி விசிறியைப் போடு, எண்ணெயைப் புகையும் அளவுக்குக் காய்ச்சாதே: இந்த வரிசை பழகிவிட்டால் ரசம் வைப்பதில் எந்தத் தடையும் இல்லை. கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடுவது மட்டும் வேண்டாம். அதை விடுதிகள் மன்னிப்பதில்லை.

இட்லி மாவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அக்டோபரில் சமையலறை 18 டிகிரி அளவில் இருக்கும். சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே மறுநாள் காலை அப்படியே கல்லாக இருக்கும். மாவில் குறையில்லை, நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குச் சூடு போதவில்லை. வெதுவெதுப்பான நீரில் அரைத்து, கையால் நன்றாகக் கரைத்து, உறைபனிப் பொருள் வாங்கி வரும் வெப்பம் காக்கும் பைக்குள் பாத்திரத்தையும், அருகில் வெந்நீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலையும் வைத்து மூடுங்கள். படுக்கப்போகும் முன் வெந்நீரை ஒரு முறை மாற்றினால் போதும். ஓவனின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைப்பது இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் பகிர்ந்த சமையலறையில், உள்ளே பாத்திரம் இருப்பது தெரியாமல் யாராவது பீட்சாவுக்கு 200 டிகிரியைத் திருகிவிடுவார்கள். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

சைவர்கள் தயிரில்கூட லேபிளைப் படிக்க வேண்டியிருக்கும். சில கெட்டித் தயிர்களிலும் மிட்டாய்களிலும் ஜெலட்டின் உண்டு, சில பாலாடைக்கட்டிகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் உண்டு. சைவக் குறி இருக்கிறதா என்று பார்ப்பது சுலபமான வழி.

துணியை ரேடியேட்டர் மேல் காயப்போட்டு ஜன்னலை இறுக மூடுவது இன்னொரு பொதுத் தவறு. துணியிலிருந்து கிளம்பும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, நவம்பருக்குள் கட்டிலுக்குப் பின்னால் கரும்பூஞ்சை வரும். பூஞ்சைக்கு அபராதமும் வரும். தினமும் பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வயல், சாணம், மாடு

வந்து இறங்கும் வாரத்தில் ஊர் முழுக்க அடிக்கும் நாற்றம் சாக்கடை அல்ல. நிலத்தடி நீரில் நைட்ரேட் கலப்பதைத் தடுக்க, அதற்கென வரையறுத்த மண்டலங்களில் திரவச் சாணத்தை வயலில் விடத் தடைக்காலம் உண்டு. மணற்பாங்கல்லாத உழவு நிலத்துக்கு அக்டோபர் 1 முதலும், அதே வகைப் புல்நிலத்துக்கு அக்டோபர் 15 முதலும் ஜனவரி கடைசி வரை விடக் கூடாது. அதற்குள் தொட்டியைக் காலி செய்ய எல்லா விவசாயிகளும் செப்டம்பர் இறுதியில் டாங்கரோடு இறங்குகிறார்கள். அக்டோபர் நடுவில் தானாகக் குறைந்துவிடும். அதே வாரங்களில் மக்காச்சோளம் வெட்டி சைலேஜுக்கு (புளிக்கவைத்த மாட்டுத் தீவனத்துக்கு) ஏற்றுவதும், குளிர்காலக் கோதுமை விதைப்பதும் நடக்கும். சாலையெல்லாம் டிராக்டர் விட்ட சேறு. மிதிவண்டிக்காரர்கள் வளைவில் வழுக்குவது இந்தச் சேற்றில்தான்.

பண்ணை வகுப்புக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், அதுவும் விரல் பகுதியில் இரும்புத் தொப்பி வைத்தது. பசு ஒன்று சாதாரணமாகவே அறுநூறு கிலோவுக்கு மேல் எடையிருக்கும், அது காலில் ஏறி நின்றால் ரப்பர் மட்டும் காப்பாற்றாது. ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், தடித்த காலுறைக்கு இடம் வேண்டும். பண்ணை வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருக்கும். புதியவர்கள் சேற்றோடு அதில் கால் வைத்து எடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள். அதில் பயனே இல்லை. சாணமும் மண்ணும் கிருமிநாசினியின் வீரியத்தைக் கெடுத்துவிடும். முதலில் குழாய் நீரும் தேய்ப்பு பிரஷும், அடிப்பள்ளம் வரை சுத்தமான பிறகுதான் தொட்டி. வெளியே வரும்போதும் அதே வரிசை.

மேலாடையில் ஒரு விவரம். "ஷவர்ப்ரூஃப்" என்று எழுதிய சட்டை அரை மணி மழைக்குத் தாங்காது, "வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதி, தையல் உட்புறம் பட்டி ஒட்டியதே வேண்டும். குடை இந்தச் சமவெளிக் காற்றில் இரண்டு நாளில் முறுக்கிக்கொள்ளும். தடித்த குளிர்ச் சட்டையை ஊரிலிருந்து சுமந்து வராதீர்கள். பயன்படுத்திய பொருட்களை விற்கும் லஃப்பரோவின் அறக்கட்டளைக் கடைகளில் நல்ல கம்பளிச் சட்டைகள் மலிவாகக் கிடைக்கும்.

நடக்கத் தொடங்கினால்தான் இந்த இடத்தில் இருப்பதன் லாபம் தெரியும். தனியார் வயல்கள் வழியாகவே பொதுப்பாதைகள் செல்கின்றன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் மிதிவண்டிக்கும் சேர்த்து. நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடத்தில் இப்பாதைகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும். கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். நல்லது செய்வதாக நினைத்துத் திறந்த கதவை மூடினால் மந்தை தண்ணீரில்லாமல் மாட்டிக்கொள்ளலாம்.

நம் ஊரில் தெருவில் மாட்டைத் தட்டிவிட்டுப் போன பழக்கம் இங்கே ஆபத்து. மேய்ச்சல் நிலத்து மாடுகளுக்கு அந்நிய மனிதர் பழக்கமில்லை, கன்றோடு இருக்கும் தாய்ப்பசு பாய்ந்துவிடும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல், வேலியை ஒட்டிச் சுற்றிப் போங்கள். இளங்கன்றுகள் கூட்டமாக ஓடி வந்தால் அது பெரும்பாலும் ஆர்வம்தான், ஓடாமல் திரும்பி நின்று கையை விரித்தால் நின்றுவிடும். பொதுப்பாதை செல்லும் வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால் இனக் காளையை விட 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறைச்சி இனக் காளையைப் பசுக்களோடு சேர்த்து விடலாம். ஆக, காளை இருக்கவே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அக்டோபர் 1 முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அது ஃபெசன்ட் பறவை வேட்டை. பதற வேண்டாம், ஆனால் பாதையை விட்டு விலகவும் வேண்டாம்.

கிராமத்தில் பார்க்க நிறைய இல்லை. சட்டன், போனிங்டன் என்ற இரண்டு ஊர்கள் ஒட்டியதால் சிறு கிராமத்துக்கு இரண்டு பழைய தேவாலயங்கள். ஆனால் வளாகத்தின் பழைய கட்டடம் ஒரு தமிழருக்குச் சும்மா கடந்துபோக முடியாத இடம். வேளாண், பால்வளக் கல்லூரிக்காகக் கட்டிய அந்த இடத்தை முதல் உலகப்போரில் ஜெர்மானிய அதிகாரிகளுக்கான போர்க்கைதி முகாமாக்கினார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்ட எம்டன் கப்பலின் தளபதி கார்ல் ஃபான் முல்லர் இங்கேதான் அடைக்கப்பட்டிருந்தார். 1917இல் இருபதுக்கும் மேற்பட்டோர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள், அவர் தலைமையில். பிடிபட்டுவிட்டார்.

இருட்டும் வேலையும்

செப்டம்பர் கடைசியில் மாலை ஏழு மணிக்குச் சூரியன் மறையும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அன்றிலிருந்து ஐந்து மணிக்குள் இருட்டு, டிசம்பர் நடுவில் நாலு மணிக்கு முன்பே. இந்திய நேர வித்தியாசம் நாலரையிலிருந்து ஐந்தரை மணியாகும், வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் மாற்ற வேண்டும். கிராமங்களுக்கு இடையேயான பல சாலைகளில் விளக்கும் இல்லை, நடைபாதையும் இல்லை. வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை தெரிந்தால், அந்த ஒற்றைச் சாலையில் கார்கள் 60 மைல் வேகம் வரை வரலாம். நடப்பவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக, ஒளிரும் மேலாடையோடு. மிதிவண்டிக்கு இருட்டில் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் சட்டப்படி வேண்டும். பெருமழைக்குப் பிறகு சோர் ஆறு கரை மீறும். கெக்வொர்த் பக்கம் நடக்கவோ மிதிக்கவோ கிளம்பும் முன் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். கைபேசிச் சிக்னலும் தடித்த செங்கல் சுவருக்குள் தள்ளாடும். வைஃபை வழியே அழைக்கும் வசதியை அமைப்பில் திறந்துவைத்தால் அறைக்குள் அந்தச் சிக்கல் தீரும். சிம் வாங்கும் முன் இதே அஞ்சல் குறியீட்டுக்கு எந்த நிறுவனத்தின் வலைப்பின்னல் எட்டுகிறது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

பகுதிநேர வேலைக்கும் இந்தத் தூரக் கணக்கு பொருந்தும். நகரத்து உணவகத்தில் இரவு பதினொரு மணிக்கு முடியும் வேலை, திரும்பப் பேருந்து இல்லாவிட்டால் நஷ்டம்தான். வளாகத்திலேயே கிடைக்கும் நூலக, உணவகப் பணிகள் சம்பளத்தில் சற்றுக் குறைந்தாலும் மேல். பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி போட முடியாது. சொந்தத் தொழிலும், செயலி வழி உணவு விநியோகம் போன்ற சுயதொழில் ஒப்பந்தமும் கூடாது. முதுநிலை மாணவர்கள் தடுக்கி விழுவது கோடையில்: இளநிலை நண்பர்களுக்கு விடுமுறை என்று தாங்களும் முழுநேர வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆய்வேடு எழுதும் அந்த மாதங்கள் முதுநிலைக்காரர்களுக்குப் பருவ காலம்தான், 20 மணி வரம்பு அப்போதும் உண்டு. வேலை தொடங்குவதற்குத் தேசியக் காப்பீட்டு எண் (சம்பளத்தில் வரியும் காப்பீடும் பதிவாகும் எண்) கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. விண்ணப்பித்துவிட்டு, ஷேர் கோடைக் காட்டிச் சேர்ந்துவிடலாம். எண் வந்ததும் முதலாளியிடம் கொடுத்தால் போதும்.